உடம்பு அலுப்புக்கு ஆங்கிலம்

கேள்வி: மேலாளரிடம் 'ஐ ஆம் டயரிங்' என்றேன். சிரித்துவிட்டார். என்ன தவறு?

பதில்: களைத்தவர் நீங்கள், களைக்க வைத்தது வேலை. களைத்தவருக்கு 'டயர்ட்', களைக்க வைப்பதற்கு 'டயரிங்'. 'என்னோடு கொஞ்ச நேரம் இருந்தால் அலுத்துப்போவீர்கள்' என்று உங்களுக்கு நீங்களே சான்றிதழ் கொடுத்துக்கொண்டதுபோல் அவர் காதில் விழுந்திருக்கும். (ஓட்டப் பந்தய வர்ணனையில் 'ஷீ இஸ் டயரிங்' என்றால், தளர்ந்துகொண்டே வருகிறாள் என்று பொருள். அது சரியான ஆங்கிலமே.) 'எக்ஸாஸ்டட்', 'எக்ஸாஸ்டிங்' இரண்டுக்கும் இதே கணக்குதான். 'எக்ஸாஸ்டிவ்' பக்கம் மட்டும் போகாதீர்கள். ஒன்றுவிடாமல் எல்லாம் அடங்கியது என்பது அதன் பொருள்.

கேள்வி: 'டயர்ட் ஆஃப்', 'டயர்ட் ஃப்ரம்' – எது சரி?

பதில்: இரண்டும் சரி, பொருள்தான் வேறு. நம் 'அலுப்பு' இரண்டு வேலை பார்க்கிறது. இரவெல்லாம் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த அலுப்பு ஒன்று. மூன்று நாளாக அதே உப்புமாவைத் தின்ற அலுப்பு இன்னொன்று. ஆங்கிலத்தில் முதலாவதற்கு 'ஃப்ரம்', இரண்டாவதற்கு 'ஆஃப்'. விடுப்புக் கடிதத்தில் 'டயர்ட் ஆஃப் வொர்க்கிங்' என்று எழுதினால், வேலையே வெறுத்துவிட்டது என்றுதான் படிப்பார்கள். ஒரு நாள் கேட்டவருக்கு நிரந்தர விடுப்பே கிடைத்துவிடலாம்! குழப்பம் வேண்டாமென்றால் 'டயர்ட் ஆஃப்டர் தி ஜர்னி' என்று எழுதிவிடுங்கள்.

கேள்வி: 'வெரி எக்ஸாஸ்டட்' என்று மகள் எழுதியதை ஆசிரியை அடித்துவிட்டார். சரியா?

பதில்: அந்தச் சொல்லுக்குள்ளேயே 'மிகவும்' இருக்கிறது. 'கம்ப்ளீட்லி எக்ஸாஸ்டட்' என்று எழுதச் சொல்லுங்கள். பேச்சில் 'வெரி' காதில் விழத்தான் செய்கிறது. அதற்காக மதிப்பெண்ணை இழப்பானேன்?

கேள்வி: 'மை லெக் இஸ் பெயினிங்' என்று மருத்துவரிடம் சொல்லலாமா?

பதில்: நம் ஊர் மருத்துவருக்குப் புரியும். இங்கிலாந்திலோ அமெரிக்காவிலோ 'மை லெக் ஹர்ட்ஸ்' என்பதே வழக்கம். உடம்பெல்லாம் அடித்துப் போட்டாற்போல் இருந்தால் 'ஐ ஏக் ஆல் ஓவர்'. கால் மரத்துப்போனால் 'மை லெக் ஹாஸ் கான் டு ஸ்லீப்'. ஆம், கால் தூங்கப் போய்விட்டதாம். எல்லாவற்றையும் 'டயர்ட்' என்ற ஒரே சொல்லில் அடைத்துவிடாதீர்கள். எந்நேரமும் தூக்கம் வந்தால் 'ஸ்லீப்பி', தெம்பில்லாவிட்டால் 'வீக்', மாடி ஏறியதும் மூச்சு வாங்கினால் 'அவுட் ஆஃப் ப்ரெத்'. ஒவ்வொன்றுக்கும் அவர் தேடும் காரணம் வேறு.

கேள்வி: லண்டனில் இருக்கும் தம்பி 'நாக்கர்ட்' என்கிறானே?

பதில்: அடியோடு களைத்துப்போனேன் என்பதற்குப் பிரிட்டிஷ் பேச்சுவழக்கு. உழைத்து ஓய்ந்த குதிரைகளை வாங்கிக் கொன்று தோலுரிப்பவருக்கு அங்கே 'நாக்கர்' என்று பெயர். தம்பியிடம் நீங்களும் சொல்லலாம். நேர்முகத் தேர்வில் வேண்டாம்.