பேஜ்மேக்கர் கோப்புகளை வைத்துக்கொண்டு எந்தக் கணினி வாங்குவது?

கேள்வி: சிவகாசியில் 22 வருடமாக டிடிபி சென்டரும் ஒரு சின்ன ஆஃப்செட் அச்சகமும் நடத்துகிறேன். கல்யாணப் பத்திரிகை, காலண்டர், பள்ளி டைரி, கோவில் நோட்டீஸ்தான் முக்கால்வாசி வேலை. 2016-இல் வாங்கிய ஆறாம் தலைமுறை ஐ5 கணினி, 8 ஜிபி ரேம், விண்டோஸ் 10. அதில் பக்கம் அமைக்கும் பேஜ்மேக்கர் 7, படம் வரையும் கோரல் டிரா, போட்டோஷாப் இருக்கின்றன. மனைவி டேலியில் கணக்கு பார்க்கிறார். டெண்டர் போடும் டிஜிட்டல் கையெழுத்து டோக்கனையும் இதில்தான் செருகுவோம். இதில் விண்டோஸ் 11 ஏறாது என்று திரையில் வருகிறது. மகன் மேக்புக் ஏர் வாங்கச் சொல்கிறான். நண்பர், லினக்ஸ் போட்டால் பழைய கணினியே போதும் என்கிறார். கடைக்காரர் ஸ்னாப்டிராகன் சிப் போட்ட புது லேப்டாப்பைக் காட்டுகிறார். எதை வாங்குவது?

பதில்: முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். இன்டெல் அல்லது ஏஎம்டி சிப் உள்ள விண்டோஸ் 11 கணினி வாங்குங்கள், அதையும் டெஸ்க்டாப்பாக வாங்குங்கள். பழைய கணினியைத் தள்ளிவிட வேண்டாம், அதற்கும் வேலை இருக்கிறது. ஆனால் கடைக்குப் போவதற்கு முன் உங்கள் பேஜ்மேக்கர் கோப்புகளைப் பற்றிப் பேசியாக வேண்டும். உங்கள் கடிதத்தில் அவை ஒரே சொல்லில் வந்து போகின்றன. எனக்கு அதுதான் முதல் கவலை.

விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றுமே நன்றாக வளர்ந்துவிட்டன. தொழிலுக்கு வாங்குகிறவர் அவற்றை ஒப்பிட்டுக்கொண்டிருக்கத் தேவையில்லை. ஒரு தாளை எடுத்து, எது ஓடாவிட்டால் நாளைக் காலை கடை திறக்க முடியாதோ அதை மட்டும் எழுதுங்கள். உங்கள் தாளில் பேஜ்மேக்கர், கோரல், போட்டோஷாப், டேலி, டோக்கன், அப்புறம் நீங்கள் பிழை பார்க்க எடுக்கும் பிரிண்டர் என்று ஆறு வரி இருக்கும். எந்த சிஸ்டம் என்பதை அந்தத் தாளே சொல்லிவிடும்.

முதலில் மகன் சொல்வதைப் பார்ப்போம். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. டிடிபி என்ற தொழிலே மேக்கில்தான் பிறந்தது. 1985-இல் ஆல்டஸ் நிறுவனம் பேஜ்மேக்கரை முதலில் மேக்கின்டாஷுக்குத்தான் வெளியிட்டது. அதுவும் ஆப்பிளின் லேசர் பிரிண்டரும் சேர்ந்துதான் ஈய எழுத்துக் கோப்பவர்களின் வேலையை மேசைக்குக் கொண்டுவந்தன. இன்றும் மேக்கின் திரையில் நிறம் நன்றாக இருக்கும், பேட்டரி நிற்கும், போட்டோஷாப், பக்கம் அமைக்கும் இன்டிசைன், இல்லஸ்ட்ரேட்டர் வேகமாக ஓடும். கோரல் டிராவும் 2019-இல் மேக்குக்குத் திரும்பி வந்துவிட்டது. தமிழுக்கும் குறையில்லை. மலேசியாவின் முத்து நெடுமாறன் செய்த இணைமதி எழுத்துருவும், அஞ்சல், தமிழ்99 விசைப்பலகைகளும் பல வருடமாக மேக்கோடு சேர்ந்தே வருகின்றன.

ஆனால் உங்கள் தாளில் மூன்று வரிகள் அங்கே அடிபட்டுப் போகின்றன. 2001-இல் வந்த 7.0தான் பேஜ்மேக்கரின் கடைசிப் பெரிய பதிப்பு. அதன் மேக் வடிவம் பழைய மேக் ஓஎஸ் 9 காலத்துக்காக எழுதப்பட்டது, இன்றைய எந்த மேக்கிலும் அது திறக்காது. டேலி விண்டோஸுக்கு மட்டும் எழுதப்பட்ட மென்பொருள். டோக்கனுக்கு மேக் டிரைவர் இருக்கிறதா, டெண்டர் இணையதளம் அதை ஏற்குமா என்பதை ஒவ்வொரு முறையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். டெண்டர் முடியும் நாளன்று மாலையில் அந்தச் சோதனை உங்களுக்கு வேண்டாம். மேக்புக்கில் வாங்கிய பிறகு ரேம் கூட்டவும் முடியாது. மகன் தனியாக டிசைன் வேலை தொடங்குகிறார், வாட்ஸ்அப் பத்திரிகை, வீடியோ என்று போகிறார் என்றால் அவருக்குத் தனியே ஒரு மேக்புக் ஏர் வாங்கித் தருவது நல்ல முடிவுதான். 2024 அக்டோபரிலிருந்து அதன் அடிப்படை மாடலிலேயே 16 ஜிபி ரேம் வருகிறது. விலை குறைவு என்று செகண்ட்ஹேண்டில் இன்டெல் சிப் போட்ட மேக் மட்டும் வாங்கிவிடாதீர்கள். 2025-இல் வந்த டஹோ பதிப்புதான் இன்டெல் மேக்குகளுக்கு ஆப்பிள் தரும் கடைசி மேக்ஓஎஸ்.

கடைக்காரர் காட்டிய ஸ்னாப்டிராகன் லேப்டாப் விஷயத்தில்தான் நீங்கள் ஏமாறும் வாய்ப்பு அதிகம். திரையைப் பார்த்தால் சாதாரண விண்டோஸ் 11 போலவே இருக்கும். உள்ளே இருக்கும் சிப் வேறு இனம். செல்போன்களில் இருப்பது போன்ற ஆர்ம் வகை அது. இன்டெல்லுக்காக எழுதிய மென்பொருளை அது மொழிபெயர்த்து ஓட்டுகிறது, பலவற்றை நன்றாகவே ஓட்டுகிறது. ஆனால் அந்த மொழிபெயர்ப்பு டிரைவர்களுக்குக் கிடையாது. பிரிண்டர், ஸ்கேனர், டோக்கன், மென்பொருள் பூட்டாக வரும் டாங்கிள் ஒவ்வொன்றுக்கும் அதை விற்ற நிறுவனமே ஆர்ம் டிரைவர் எழுதித் தந்திருக்க வேண்டும். பத்து வருடப் பழைய பிரிண்டருக்கு யாரும் புதிதாக எழுத மாட்டார்கள். கல்லூரி மாணவருக்கு அது நல்ல லேப்டாப். அச்சகத்துக்கு வேண்டாம். பில் போடும் முன் சிப்பின் பெயரை வாசித்துப் பாருங்கள்: இன்டெல் கோர், ஏஎம்டி ரைசன் என்று இருந்தால் சரி.

லினக்ஸ் பற்றி நண்பர் சொன்னது பாதி சரி. அந்தப் பாதி மதிப்புள்ளது. நான் வீட்டில் பல வருடமாக லினக்ஸ்தான் வைத்திருக்கிறேன். படம் வரைய இன்க்ஸ்கேப்பும் போட்டோ திருத்த கிம்ப்பும் நல்ல கருவிகள். பக்க வடிவமைப்புக்கான ஸ்கிரைபஸ் 2024-இல் வந்த 1.6 பதிப்பில் யூனிகோட் (எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு) தமிழைக் கொம்பு, கால் இடம் மாறாமல் அமைக்கிறது. புதிதாகத் தொடங்குகிறவர் இவற்றை வைத்தே ஒரு சென்டர் நடத்தலாம். உங்களுக்கோ வாடிக்கையாளர் கோரல் டிராவில் செய்த சிடிஆர் கோப்பைப் பென்டிரைவில் கொண்டுவருவார். இன்க்ஸ்கேப் அதைத் திறக்கும், ஆனால் வைத்தது வைத்தபடி வராது. பெண் பெயரில் ஒரு புள்ளி நகர்ந்தால்கூட ஆயிரம் பத்திரிகை வீண்.

அதனால் லினக்ஸைப் பழைய கணினிக்கு வைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் 10-க்கான மைக்ரோசாப்ட் ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. பதிவு செய்துகொண்ட தனிநபர் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் வரும் என்று அறிவித்தார்கள், அது மூச்சுவிடக் கிடைத்த அவகாசம், அவ்வளவே. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல்லில் எட்டாம் தலைமுறையாவது வேண்டும். உங்களுடையது ஆறாம் தலைமுறை. குறுக்கு வழியில் ஏற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள், அப்படி ஏற்றியதற்கு அப்டேட் வரும் என்று மைக்ரோசாப்ட் உறுதி தருவதில்லை. தினம் பத்துப் பேருடைய பென்டிரைவ் செருகப்படும் கணினி உங்களுடையது. 2017 மே மாதம் வானாக்ரை வைரஸ் உலகம் முழுக்கக் கோப்புகளைப் பூட்டியபோது மாட்டிக்கொண்டவை அப்டேட் போடாத விண்டோஸ் கணினிகள்தான்.

பழையதில் ஹார்ட் டிஸ்க் இருந்தால் கழற்றிப் பத்திரப்படுத்திவிட்டு, ஒரு எஸ்எஸ்டி போட்டு லினக்ஸ் மின்ட் ஏற்றுங்கள். வாடிக்கையாளர் பென்டிரைவை முதலில் அங்கே செருகிப் பார்க்கலாம், மின்னஞ்சல், இணையம், கடிதம் அடிப்பது எல்லாம் அதிலேயே நடக்கும். 8 ஜிபி ரேம் அதற்குத் தாராளம்.

புதுக் கணினியில் 16 ஜிபி ரேம் போடுங்கள், இன்னும் ஒரு 16 பின்னால் சேர்க்க இடம் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சிஸ்டத்துக்கு 512 ஜிபி எஸ்எஸ்டி, பழைய வேலைகளுக்கு 2 டிபி ஹார்ட் டிஸ்க். ஐபிஎஸ் வகையில் 24 அங்குலத் திரை. அதே தொகைக்கு லேப்டாப்பைவிட டெஸ்க்டாப்பில் திரையும் ரேமும் கூடுதலாகக் கிடைக்கும், காகிதத் தூசியில் பழுதானால் ஒரு பாகத்தை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். விண்டோஸ் லைசென்ஸ் பில்லில் தனி வரியாக வர வேண்டும். யுபிஎஸ் மறக்க வேண்டாம்.

சரி, இப்போது பேஜ்மேக்கர். இன்டெல், ஏஎம்டி கணினியில் 7.0 பெரும்பாலும் விண்டோஸ் 11-லும் ஓடிவிடும், அது 32 பிட் மென்பொருள். நிறுவும்போது கொஞ்சம் படுத்தலாம். அதைவிடப் பழைய 16 பிட் தமிழ்த் தட்டச்சு மென்பொருள் ஏதாவது வைத்திருந்தால் அது ஓடாது. பேரலல் போர்ட்டில் செருகும் பூட்டு இருந்தால் அதைச் செருக இடமே இருக்காது. ஆனால் இதெல்லாம் சின்ன விஷயம். உங்கள் 22 வருட உழைப்பு எந்த வடிவத்தில் இருக்கிறது என்பதுதான் பெரிய விஷயம்.

பேஜ்மேக்கருக்கு யூனிகோட் தெரியாது. பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை உட்கார வைத்தவை. பாமினி என்ற எழுத்துருவில் ‘தமிழ்’ என்று திரையில் தெரிந்தால், கோப்புக்குள் இருப்பது ஜே, கே, பி, ஓ, அப்புறம் ஓர் அரைப்புள்ளி. அந்த எழுத்துரு போனால் தமிழும் போய்விடும். எனக்கு இது நடந்திருக்கிறது. எங்கள் ஊர் நூலகத்தின் பொன்விழா மலரை நான்தான் பக்கம் அமைத்தேன். பல வருடம் கழித்து மறுபதிப்புக்குக் கேட்டார்கள். சிடி பத்திரமாக இருந்தது, எழுத்துரு இல்லை. திறந்தால் பக்கம் முழுக்க ஆங்கில எழுத்துச் சிதறல். அச்சான பிரதியை மடியில் வைத்துக்கொண்டு நானும் இன்னொருவரும் மொத்தத்தையும் திரும்ப அடித்தோம். கட்டுரை எழுதியவர்களில் சிலர் அப்போது உயிரோடு இல்லை, சந்தேகம் கேட்கவும் ஆளில்லை.

ஆகவே பழைய கணினி உயிரோடு இருக்கும்போதே எழுத்துருக் கோப்புகள் அத்தனையையும் ஒரு ஃபோல்டரில் நகலெடுங்கள், இரண்டு இடத்தில் வையுங்கள். அடுத்து, முக்கியமான ஒவ்வொரு வேலையையும் எழுத்துரு உள்ளே பதிந்த பிடிஎஃப் ஆக மாற்றுங்கள். அது இருந்தால் எந்த சிஸ்டத்திலும் அச்சுக்கு அனுப்பலாம். கோரல் கோப்புகளில் எழுத்தை ‘கர்வ்’ (வெறும் கோட்டு வடிவம்) ஆக்கி ஒரு நகல், ஆக்காமல் ஒரு நகல் வையுங்கள். பழைய போஸ்ட்ஸ்கிரிப்ட் டைப் 1 எழுத்துருக்களுக்கு அடோபி 2023 ஜனவரியோடு ஆதரவை நிறுத்திவிட்டது, புது போட்டோஷாப், இன்டிசைனில் அவை பட்டியலிலேயே வராது.

எல்லாவற்றையும் யூனிகோடுக்கு மாற்ற உட்கார்ந்தால் ஆயுள் போதாது. 2009-இல் அடித்த கல்யாணப் பத்திரிகைக்கு பிடிஎஃப் போதும். வருடா வருடம் திரும்பி வருபவற்றை மட்டும் மாற்றுங்கள்: காலண்டர் பின்பக்கம், பள்ளி டைரி, கோவில் திருவிழா நோட்டீஸ், லெட்டர்ஹெட். இன்டிசைன் சிஎஸ்6 வரையிலான பதிப்புகள் பேஜ்மேக்கர் கோப்பைத் திறந்தன. பிறகு வந்தவை திறப்பதில்லை. பழைய உரிமம் வைத்திருக்கும் சென்டர் யாராவது பழக்கத்தில் இருந்தால் கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் உரையை மட்டும் வெளியே எடுத்து, என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற மாற்றியில் யூனிகோடாக்கி, புது இன்டிசைனில் பக்கம் அமையுங்கள். அங்கே பத்தி அமைப்பில் ‘வேர்ல்ட் ரெடி’ கம்போசரைத் தேர்வு செய்ய வேண்டும், இல்லாவிட்டால் கொம்புகள் எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும்.

மாற்றியபின் பிழை திருத்தாமல் விடாதீர்கள். பழைய எழுத்துருக்களில் ஔகாரக் குறியின் பின்பாதியும் ள எழுத்தும் ஒரே வடிவம்தான், மாற்றிக்கு எது எது என்று தெரியாது. ‘கௌரி’ என்பது கெ, ள, ரி என்று மூன்றெழுத்தாக வந்து நிற்கும். பத்திரிகைக்குப் பத்திரிகை ‘சௌபாக்கியவதி’ அடிக்கிற உங்களுக்கு இது தினசரித் தொல்லை. கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் தெரியும், ஆனால் பின்னால் பெயரைத் தேடினால் அகப்படாது. இடையில் வரும் ஆங்கிலச் சொற்களும் தமிழாகிக் குழம்பியிருக்கும்.

டைப்ரைட்டர் முறையில் பழகிய விரலை மாற்ற வேண்டியதில்லை. என்எச்எம் ரைட்டரில் அதே விசையமைப்பில் யூனிகோட் அடிக்கலாம்.

கடைக்குப் போகும்போது பேஜ்மேக்கர் நிறுவும் சிடியின் நகல், எழுத்துரு ஃபோல்டர், உங்களிடம் இருப்பதிலேயே பழைய மூன்று கோப்புகள், டோக்கன் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். அங்கேயே நிறுவித் திறந்து, ஒரு பக்கம் அச்செடுத்துப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

எப்போது மாறுவது என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். ஆடி பிறந்ததும் பத்திரிகை வேலை குறையும். ஆடி 18-க்கு காலண்டர் மாதிரிகள் அடங்கிய ஆல்பம் வந்துவிட்டால் காலண்டர் ஆர்டர் தொடங்கிவிடும், ஆவணி முகூர்த்தத்துக்கான பத்திரிகைகளும் வரும். நடுவில் உங்களுக்குக் கிடைப்பது அந்த இரண்டரை வாரம்தான். அதற்குள் புதுக் கணினியில் எல்லாம் ஓட வேண்டும். பழையதில் உள்ள பேஜ்மேக்கரை அடுத்த பொங்கல் வரை அழிக்காமல் வையுங்கள், லினக்ஸ் அதற்கப்புறம் ஏற்றிக்கொள்ளலாம். அதுவரை அதன் இணைய இணைப்பை மட்டும் கழற்றிவிடுங்கள்.