குருநாதர் காலில் விழச் சொல்கிறார்கள்

கேள்வி: ஒரு பெரிய இயக்குநரிடம் ஆறு வருடம் உதவி இயக்குநராக இருந்தேன். மூன்று படம். கிளாப் அடித்தது, கன்டினியூட்டி (ஷாட்டுக்கு ஷாட் உடை, நகை மாறாமல் இருக்க எழுதும் குறிப்பு) எழுதியது, ராத்திரி இரண்டு மணிக்கு அவருக்கு இட்லி தேடி அலைந்தது எல்லாம் நான்தான். பொள்ளாச்சி ஷூட்டிங்கில் கதாநாயகியின் வளையல் இடது கையிலிருந்து வலது கைக்கு மாறிவிட்டதை நான் கவனிக்கவில்லை. யூனிட்டே பார்க்க கிளாப் பலகையைப் பிடுங்கி என் முகத்தில் எறிந்தார், அப்புறம் கன்னத்தில் ஓர் அறை. நான் குனிந்து பலகையை எடுத்து அடுத்த டேக்குக்கு நம்பர் எழுதினேன். அதுதான் இன்றுவரை உறுத்துகிறது. கடைசிப் படத்தில் பேசிய சம்பளத்தில் பாதி வரவே இல்லை. ஐந்து வருடம் ஆகிவிட்டது. இப்போது என் முதல் படம் முடிந்திருக்கிறது. இசை வெளியீட்டு விழாவுக்கு "உங்க குருநாதரைக் கூப்பிடுவோம், நல்ல பப்ளிசிட்டி" என்கிறார் தயாரிப்பாளர். மேடையில் காலில் விழ வேண்டியிருக்கும். எனக்கோ அதே மேடையில் மைக்கைப் பிடித்து எல்லாவற்றையும் கொட்டிவிடலாம் போலிருக்கிறது. என்னோடு இருந்த ஒரு பெண் உதவி இயக்குநரிடம் அவர் அத்துமீறியதையும் சேர்த்து. சொல்லட்டுமா, இல்லை நேரில் போய்க் கேட்கட்டுமா?
- பெயர் வேண்டாம், வளசரவாக்கம்

பதில்: மேடை வேண்டாம் தம்பி. பயந்துகொண்டு சொல்லவில்லை. அன்றைக்கு நீங்கள் வாயைத் திறந்தால் மறுநாள் யூடியூப் தம்ப்நெயில் முழுக்க அவர் முகம்தான் இருக்கும், உங்கள் படத்தின் பெயர்கூட இருக்காது. உங்களை நம்பி வேலை பார்த்த கேமராமேனுக்கும் எடிட்டருக்கும் அது ஒரு நாள், அதையும் அவருக்கே தூக்கிக் கொடுப்பானேன்?

அதற்காகக் காலில் விழவும் வேண்டாம். தயாரிப்பாளரிடம் போய் முழுக் கதையும் சொல்லிக்கொண்டிருக்காதீர்கள். "அவர் எனக்குச் சம்பள பாக்கி வைத்திருக்கிறார், பேச்சுவார்த்தை இல்லை" என்று சொன்னால் போதும். பணத் தகராறு என்றால் சினிமாவில் எல்லோருக்கும் உடனே புரிந்துவிடும்.

அந்த "குருநாதர்" என்ற வார்த்தையும் எனக்கு உறுத்துகிறது. ஆறு வருடம் வேலை வாங்கினார், பாதிச் சம்பளம் பாக்கி வைத்தார். இவரை முதலாளி என்று சொல்லலாம், அதிலும் மோசமான முதலாளி. நேரில் போனால் "நான் அடிச்சதாலதான் நீ இன்னிக்கு டைரக்டர்" என்பார், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அடி வாங்கி இயக்குநரானவர்கள் பேட்டி கொடுக்கிறார்கள், நாமும் கேட்டுக் கைதட்டுகிறோம். அதே அடியை வாங்கிக்கொண்டு கோயம்பேட்டில் ஊருக்குப் பஸ் ஏறியவனிடம் யார் மைக்கை நீட்டினார்கள்?

நானும் நாலு வருடம் இந்தத் தொழிலில் குப்பை கொட்டியவன். எனக்கும் ஒருவர் இருந்தார், பெயர் எதற்கு. பதினோரு வருடம் கழித்து, கண்ணாடி முன்னால் ஒத்திகையெல்லாம் பார்த்துவிட்டு, அவர் அலுவலகத்துக்குப் போனேன். அவர் நிமிர்ந்து பார்த்து, "நீ எந்தப் படத்துல இருந்தே?" என்றார். மொத்த வசனமும் மறந்துவிட்டது. காபி கொண்டுவரச் சொன்னார். கொண்டுவந்த பையன் கக்கத்தில் ஒரு ஸ்கிரிப்ட் பேடை இடுக்கிக்கொண்டு, டம்ளரை வைக்கும்போது ஒரு சொட்டு சிந்திவிட்டதா என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். "சார், இவனை அடிக்காதீங்க. என்னை அடிச்சீங்க, அது தப்பு" என்று சொல்லிவிட்டுக் காபியைத் தொடாமல் வந்துவிட்டேன். அவர் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. ஆனால் வடபழனி சிக்னல் வருவதற்குள் எனக்கு நல்ல பசி எடுத்துவிட்டது.

அதனால் போக வேண்டும் என்றால் போங்கள், மன்னிப்பு வாங்கிவரப் போகாதீர்கள், சொல்லிவிட்டு வரப் போங்கள். இரண்டு மூன்று வாக்கியம், பாக்கித் தொகை எவ்வளவு என்பது, அவ்வளவுதான். அவருடைய நாற்காலிக்கு எதிரே போய் உட்காராதீர்கள், பழைய பழக்கத்தில் முதுகு தானாக வளைந்துவிடும். பொது இடத்தில், ஒரு டீக்கடையில்கூடப் பார்க்கலாம். படம் வெளியாகி ஒரு மாதம் கழித்துப் போனால் இன்னும் நல்லது.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். ஓர் அறைக்கு, சாதாரணக் காயத்துக்கு, வழக்கை ஒரு வருடத்துக்குள் கொண்டுபோயிருக்க வேண்டும். சம்பள பாக்கிக்கு சிவில் வழக்கு என்றால் மூன்று வருடம். இரண்டுமே தாண்டிவிட்டது. ஆனால் சங்கத்தில் பேசுவதற்கு இந்தச் சட்டக் கெடு தடையில்லை, தொகை பேசிய வாட்ஸப் செய்தி இருந்தால் எடுத்து வைத்துக்கொண்டு இயக்குநர்கள் சங்கத்தில் ஒரு கடிதம் கொடுத்துப் பாருங்கள்.

அந்தப் பெண்ணின் விஷயம் வேறு. அதைச் சொல்ல உங்களுக்கு உரிமை இல்லை, மேடையிலும் சரி, டீக்கடையிலும் சரி. மூன்று வருடத்துக்கு மேல் தண்டனை உள்ள குற்றங்களுக்கு வழக்குத் தொடுக்கக் காலக்கெடு கிடையாது, பெண்ணின் மானத்துக்குப் பங்கம் செய்வதற்கு ஐந்து வருடம் வரை தண்டனை உண்டு, ஆகவே அவருக்கு வழி மூடிவிடவில்லை. அவதூறு வழக்குப் போடுவார்களே என்று அவர் பயந்தால் பத்திரிகையாளர் பிரியா ரமணி வழக்கை ஞாபகப்படுத்துங்கள். பத்திரிகை ஆசிரியராக இருந்து அமைச்சரான எம்.ஜே. அக்பர், தன் மேல் பாலியல் புகார் சொன்னதற்காக ரமணி மீது தொடுத்த அவதூறு வழக்கில் 2021 பிப்ரவரியில் டெல்லி நீதிமன்றம் அவரை விடுவித்தது. எத்தனை வருடம் கழித்தும், தான் விரும்பும் எந்த மேடையிலும் ஒரு பெண் தன் குறையைச் சொல்லலாம் என்றது. போன் செய்து, "நீங்க எதாவது செய்யறதா இருந்தா சாட்சிக்கு நான் வர்றேன்" என்று மட்டும் சொல்லுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

குனிந்து பலகையை எடுத்தது உறுத்துகிறது என்றீர்கள். வெளிச்சம் போய்க்கொண்டிருந்திருக்கும், அத்தனை பேர் காத்திருந்திருப்பார்கள், நீங்கள் வேலையைப் பார்த்தீர்கள். அந்த இடத்தில் வேலையை மறந்தது அவர்தான்.

விழாவுக்கு யாரைக் கூப்பிடுவது என்று கேட்கவில்லை, நானே சொல்கிறேன். கன்டினியூட்டி எப்படி எழுதுவது என்று உங்களுக்கு முதலில் காட்டிக்கொடுத்த சீனியர் அசோசியேட் ஒருவர் இருந்திருப்பாரே, அவர் இப்போது எங்கே இருக்கிறார்? விசாரித்துப் பிடியுங்கள். முன்வரிசையில் ஒரு நாற்காலி போடச் சொல்லுங்கள்.