கையெழுத்துப் போடும் முன் அந்த மூன்றாவது பத்தி

கேள்வி: சிங்கப்பூரின் ஈசூனில் வீவக அடுக்குமாடி வீட்டில் ஒன்பது வருடம் எங்களோடு இருந்த ஷிட்சு நாயை, சென்னைக்கே குடிபோவதால், ஒரு ஏஜெண்ட் மூலம் விமானத்தில் அனுப்பினோம். 3,600 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கட்டினோம். நேர் விமானம் என்று வாட்ஸ்அப்பில் உறுதி சொன்னவர், நடுவில் வேறு ஊரில் இறக்கி ஏற்றும் விமானத்தில் அனுப்பிவிட்டார். பயப்படாமல் இருக்கப் பாதி மாத்திரை கொடுத்திருந்தோம். துவண்டுபோய் வந்து சேர்ந்தது, மறுநாள் இறந்துவிட்டது. மகள் இன்னும் சரியாகச் சாப்பிடுவதில்லை. நான்கு மாதம் கழித்து விமான நிறுவனம் 700 வெள்ளி தருகிறோம், கையெழுத்துப் போடுங்கள் என்கிறது. அவமானமாக இருக்கிறது. வழக்குப் போட்டால் 50,000 வெள்ளி கிடைக்குமா? ஏஜெண்டின் படத்தை ஃபேஸ்புக்கில் போடலாமா?

பதில்: கிடைக்காது. படத்தையும் போடாதீர்கள்.

நீங்கள் அனுப்பிய காகிதக் கட்டில், கடிதத்தைவிட ஏர்வே பில் (விமானச் சரக்குச் சீட்டு) எனக்கு அதிகம் சொல்லியது. அறிவிக்கப்பட்ட மதிப்பு என்ற கட்டத்தில் ‘என்விடி’ என்று அடித்திருக்கிறார்கள். மதிப்பு எதுவும் அறிவிக்கப்படவில்லை என்று அர்த்தம். உங்கள் நாய் சரக்காகப் போயிருக்கிறது, மதிப்புச் சொல்லாத சரக்காக. விமான நிறுவனங்கள் தரவேண்டிய இழப்பீட்டை வரையறுக்கும், சிங்கப்பூர் 2007ல் சட்டமாக்கிய மாண்ட்ரியல் உடன்படிக்கைப்படி, அப்படிப்பட்ட சரக்குக்குக் கிலோவுக்கு 26 எஸ்டிஆர்தான் (பன்னாட்டு நாணய நிதியத்தின் கணக்கு அலகு) உச்சவரம்பு. 2024 டிசம்பர் 28 முதல் அதுதான் கணக்கு. கூண்டோடு சேர்த்து 15 கிலோ என்று பில்லில் இருக்கிறது. 390 எஸ்டிஆர். இன்றைய மதிப்பில் 680 வெள்ளி சொச்சம். மகள் படும் வேதனைக்கு அதில் தனியாக ஒரு காசும் கிடையாது.

பயணப் பெட்டியோடு செக்-இன் செய்து கொண்டுபோயிருந்தால் வரம்பு ஒரு பயணிக்கு 1,519 எஸ்டிஆர். அது கொஞ்சம் தேவலாம், அவ்வளவுதான். பியூனஸ் அயர்ஸ் விமான நிலையத்தில் தப்பி ஓடிய ஒரு நாய்க்காக 5,000 யூரோ கேட்ட வழக்கில், வீட்டு நாயும் பெட்டிபடுக்கைக் கணக்கில்தான் வரும் என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2025 அக்டோபரில் சொல்லிவிட்டது. நம் நீதிமன்றத்தை அது கட்டுப்படுத்தாது. ஆனால் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் எடுத்து நீட்டுவது அதைத்தான். பெட்டி விஷயத்தில் ‘விளைவு தெரிந்தே அலட்சியமாக நடந்தார்கள்’ என்று நிரூபித்தால் வரம்பை உடைக்கலாம். சரக்குக்கு அந்தக் கதவும் மூடியாயிற்று. போதாததற்கு உங்களுடையது சப்பை மூக்கு நாய். இயல்பிலேயே மூச்சுத் திணறும் இனம், அதனால்தான் இறந்தது என்று வாதாட அவர்களுக்கு இடம் இருக்கிறது.

ஆகவே 700 வெள்ளியை வாங்கிக்கொள்ளுங்கள். அது சட்டம் தருவதைவிட ஏறக்குறைய இருபது வெள்ளி அதிகம்.

ஆனால் இப்போதே கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். அவர்கள் அனுப்பிய விடுவிப்புப் பத்திரத்தின் (இனி எதுவும் கேட்கமாட்டேன் என்று எழுதிக் கொடுப்பது) மூன்றாவது பத்தியில் விமான நிறுவனத்தை மட்டும் நீங்கள் விடுவிக்கவில்லை. ‘அதன் ஊழியர்கள், முகவர்கள், இந்தப் பயணத்தோடு தொடர்புடைய மற்ற அனைவரும்’ என்று இருக்கிறது. என்னிடம் வருகிறவர்கள் வழுக்கி விழும் இடம் இதுதான். துக்கத்திலோ எரிச்சலிலோ, தொலையட்டும் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வருவார்கள். அப்புறம் ஏஜெண்டைப் பிடிக்கப் போனால் அவர் அந்தத் தாளையே தூக்கிக் காட்டுவார். ஒப்பந்தத்தில் பங்கில்லாத ஒருவர்கூட, அது தனக்குச் சாதகமாக எழுதப்பட்டிருந்தால், அதைப் பிடித்துக்கொள்ள இங்கே தனிச் சட்டம் இருக்கிறது: 2001ஆம் ஆண்டின் மூன்றாம் தரப்பினர் உரிமைச் சட்டம். எழுநூறு வெள்ளிக்காக 3,600ஐக் கோட்டை விட்டவர்களாகிவிடுவீர்கள். அந்த ‘மற்ற அனைவரும்’ வரியை அடிக்கச் சொல்லுங்கள், ‘ஏஜெண்ட் மீதான கோரிக்கை இதில் அடங்காது’ என்று சேர்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் செய்துவிடுவார்கள். அவர்களுக்கு வேண்டியது கோப்பை மூடுவது.

உங்கள் உண்மையான வழக்கு ஏஜெண்ட் மீதுதான். நேர் விமானம் என்று சொல்லிவிட்டு வேறு வழியில் அனுப்பியது ஒப்பந்த மீறல். மதிப்பு அறிவிக்கலாம், கூடுதல் கட்டணம் கட்டினால் வரம்பு உயரும் என்று உங்களிடம் சொன்னாரா? சொல்லாமலே என்விடி என்று அடித்திருந்தால் அது இரண்டாவது புள்ளி. அவர் தன் பெயரிலேயே ஏர்வே பில் கொடுத்திருந்தால் அதே வரம்புக்குள் அவரும் போய் ஒளிந்துகொள்ளலாம். உங்கள் பில் விமான நிறுவனத்தின் பெயரில் இருக்கிறது, நல்லதாயிற்று. ‘எதற்கும் பொறுப்பில்லை’ என்று அவர் ரசீதில் அச்சடித்திருப்பதைக் கண்டு மிரள வேண்டாம். அலட்சியத்துக்கு அப்படிக் கைகழுவுவது நியாயமானதாக இருந்தால்தான் செல்லும்.

சிறு கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போங்கள். 20,000 வெள்ளி வரை அங்கே கேட்கலாம், வக்கீலுக்கு அனுமதி இல்லை (என் தொழிலுக்கு நட்டம், உங்களுக்கு லாபம்). 5,000 வெள்ளிக்குள் என்றால் தாக்கல் கட்டணம் 10 வெள்ளி. கட்டிய தொகை, மருத்துவச் செலவு, தகனச் செலவு என்று பில் இருப்பதை மட்டும் கேளுங்கள். ஒப்பந்த வழக்கில் மனவேதனைக்குப் பணம் கிடைப்பது அபூர்வம். அதையும் சேர்த்து எழுதினால் மற்றதும் பெரிதுபடுத்திய கணக்காகத் தெரியும். விசாரணைக்கு முன்பே அவர் 2,000 வெள்ளி தருகிறேன் என்றால் தயங்காமல் முடித்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பாதி மாத்திரைதான் எனக்குக் கவலை. மயக்க மருந்து கொடுத்த விலங்கை ஏற்கப் பல விமான நிறுவனங்கள் மறுக்கும், ஏஜெண்டும் அதைத்தான் பிடித்துக்கொள்வார். மறைக்கச் சொல்லமாட்டேன், மறைத்தால் நீங்கள் சொல்லும் மற்றதும் எடுபடாது. யார் சொன்னதால் மாத்திரையைக் கொடுத்தீர்கள் என்று வாட்ஸ்அப்பில் தேடுங்கள். ஏஜெண்ட் சொல்லித்தான் கொடுத்தீர்கள் என்றால் அது அவர் தலையில் விழும். நீங்களாகவே கொடுத்திருந்தால், நான் சொன்ன 2,000ஐ 1,000 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

விமான நிறுவனத்தின் மீதான உரிமை, நாய் வந்து சேர்ந்த நாளிலிருந்து இரண்டு வருடத்தில் செத்துவிடும். நடுவர் மன்றத்திலும் இரண்டு வருடம்தான். ‘பேசிக்கொண்டிருக்கிறோம்’ என்பதற்காக அந்தக் கடிகாரம் நிற்காது. ஃபேஸ்புக் ஆசை இன்னும் இருந்தால்: தொல்லை கொடுக்கும் நோக்கில் ஒருவரின் அடையாள விவரத்தை வெளியிடுவது 2020 முதல் இங்கே குற்றம். இப்போது அவர் உங்களுக்குப் பணம் தர வேண்டியவர். படத்தைப் போட்டால் அவர் உங்கள் மீது புகார் கொடுக்கக்கூடியவராகிவிடுவார்.