குளோரின் நெடி அடித்தால் குளம் சுத்தமாக இருக்கிறது என்று பொருளா?

கேள்வி: சென்னை, பழைய மகாபலிபுரம் சாலையில் உள்ள ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் பராமரிப்பாளராக இருக்கிறேன். நீச்சல் குளத்தைக் கவனித்துவந்த ஒப்பந்ததாரரை நிறுத்திவிட்ட குடியிருப்போர் சங்கத்தினர், இனி அந்த வேலையை நானே கற்றுக்கொண்டு செய்ய வேண்டும் என்கின்றனர். நாள்தோறும் மாலையில் ஒரு குவளை பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றுகிறேன். அப்படியிருந்தும் நெடி தாங்கவில்லை, கண் எரிகிறது என்று குளிப்பவர்கள் குறை கூறுகின்றனர். பவுடரைக் குறைத்துவிடலாமா?

பதில்: அளந்து பார்க்காமல் குறைக்க வேண்டாம். மூக்கைத் துளைக்கும் அந்த நெடி பெரும்பாலும் குளோரின் மிகுதியால் வருவதன்று. வியர்வையிலும் சிறுநீரிலும் உள்ள நைட்ரஜன் பொருள்களோடு குளோரின் சேர்வதால் உண்டாகும் குளோரமைன்களின் நெடி அது. கிருமியைக் கொல்லும் வலு அவற்றுக்கு மிகக் குறைவு. ஆனால் கண்ணை எரியவைக்கும். ஆகவே உங்கள் குளத்தில் குளோரின் போதாமல் இருக்கவும் கூடும்.

நீரை மஞ்சளாக்கிக் காட்டும் மலிவான சோதனைப் பெட்டி மொத்தக் குளோரினை மட்டுமே சொல்லும். நீரை இளஞ்சிவப்பாக்கும் டி.பி.டி. சோதனைப் பெட்டியோ, எதனோடும் சேராமல் வேலைசெய்யத் தயாராக உள்ள குளோரினையும் மொத்தக் குளோரினையும் தனித்தனியே காட்டும். அதைச் சங்கத்திடம் கேட்டு வாங்குங்கள்; இதில் சிக்கனம் பார்ப்பவர்கள் பிறகு மருந்துக்குக் கூடுதலாகச் செலவழிப்பார்கள். சேராத குளோரின் 1 முதல் 3 பி.பி.எம். (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு; அதாவது லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம்) வரை இருக்க வேண்டும். மொத்த அளவுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு, அதாவது குளோரமைன்களாகச் சேர்ந்துவிட்ட குளோரின், 0.4 பி.பி.எம்.மைத் தாண்டினால், அந்த வேறுபாட்டைப் போலப் பத்து மடங்கு குளோரினை இரவில் இட்டுக் குளத்தை மூடிவைத்து, அளவு 3 பி.பி.எம்.முக்கு இறங்கிய பிறகே திறக்க வேண்டும்.

அதற்கு முன்னால் பி.எச். அளவை, அதாவது நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்ணை, பார்ப்பது இன்றியமையாதது. பி.எச். 7.2 ஆக இருக்கையில் இட்ட குளோரினில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வீரியமான வடிவில் இருக்கும்; அதுவே 8 ஆக உயர்ந்தால் கால் பங்குதான் மிஞ்சும். பிளீச்சிங் பவுடர் பி.எச். அளவை உயர்த்தக்கூடியது, கடினமான ஆழ்துளைக் கிணற்று நீரை நிரப்பினால், சுண்ணாம்பும் சேர்ந்து ஓடுகளில் வெண்படலம் படியும். எனவே பி.எச். அளவை 7.2-க்கும் 7.6-க்கும் இடையில் வைத்திருங்கள். குறைப்பதற்கு ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைப் பயன்படுத்தலாம். வாளி நீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டுமே தவிர, அமிலத்தில் நீரை ஊற்றக் கூடாது. பம்ப் ஓடும்போது சிறிது சிறிதாக விட்டு, சில மணி நேரம் கழித்து மறுபடி சோதியுங்கள். அமிலமும் பிளீச்சிங் பவுடரும் கலந்தால் நச்சான குளோரின் வாயு வெளிப்படும் என்பதால், இரண்டையும் ஒரே அறையில் வைக்காதீர்கள்.

குவளைக் கணக்கையும் கைவிடுங்கள். 12 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், சராசரி 1.2 மீட்டர் ஆழம் உள்ள குளத்தில் 86,400 லிட்டர் நீர் இருக்கும். அதில் 1 பி.பி.எம். உயர்த்த 86.4 கிராம் குளோரின் தேவை. 30 விழுக்காடு குளோரின் உள்ள பிளீச்சிங் பவுடராக இருந்தால் 288 கிராமும், 65 விழுக்காடு உள்ள குருணையாக இருந்தால் 133 கிராமும் ஆகும். மூட்டையில் அச்சிட்டுள்ள விழுக்காட்டைப் படிக்காமல் போடுவது கண்ணை மூடிக்கொண்டு உப்புப் போடுவதைப் போன்றது. வெயில் குளோரினை விரைவில் அழித்துவிடும். எனவே மாலையில் இடும் உங்கள் வழக்கம் சரியானதே.

கேள்வி: டி.சி.சி.ஏ. 90 என்னும் குளோரின் மாத்திரைகளுக்கு மாறிவிட்டால் இந்தத் தொல்லை எல்லாம் இருக்காது என்கிறார் கடைக்காரர். உண்மையா?

பதில்: பாதி உண்மை. அதில் உள்ள சயனூரிக் அமிலம் வெயிலிலிருந்து குளோரினைக் காக்கும், பி.எச். அளவையும் உயர்த்தாது, மாறாகக் குறைக்கும். ஆனால் மாத்திரை தரும் ஒவ்வொரு 10 பி.பி.எம். குளோரினுக்கும் 6 பி.பி.எம். சயனூரிக் அமிலம் நீரில் தங்கிவிடும். நாளுக்கு 1.5 பி.பி.எம். செலவானால், ஒரு மாதத்தில் 27 பி.பி.எம். சேரும். சயனூரிக் அமிலம் 30 முதல் 50 பி.பி.எம். வரை இருந்தால் நன்மை. அதற்கு மேல் ஏற ஏறக் குளோரினின் வேகம் குறையும். நீரின் ஒரு பகுதியை வெளியேற்றிப் புதுநீர் விடுவதுதான் நடைமுறைத் தீர்வு. வடகிழக்குப் பருவமழையின்போது குளத்தை முழுவதுமாகக் காலிசெய்யக் கூடாது. நிலத்தடி நீரின் அழுத்தம் தளத்தையே தூக்கிவிடக்கூடும். பிளீச்சிங் பவுடர் அள்ளிய கரண்டியை மாத்திரை டப்பாவில் இடாதீர்கள். இரண்டும் கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் கூடும்.

கேள்வி: மணல் வடிகட்டியை வாரந்தோறும் பேக்வாஷ் செய்தால் (நீரை எதிர்த்திசையில் ஓடவிட்டுக் கழுவினால்) போதுமா?

பதில்: கிழமையைப் பார்க்காமல் அழுத்தமானியைப் பாருங்கள். கழுவி முடித்தவுடன் அது காட்டும் எண்ணைச் சுவரில் எழுதிவையுங்கள். அதைவிட அழுத்தம் 8 முதல் 10 பி.எஸ்.ஐ. (அழுத்தமானியில் உள்ள அலகு) உயர்ந்தால் பேக்வாஷ் செய்ய வேண்டும். வால்வைத் திருப்புவதற்கு முன் மோட்டாரை நிறுத்துவது கட்டாயம். வால்வை ஒட்டியுள்ள கண்ணாடிக் குப்பியில் நீர் தெளிவாகத் தெரியும்வரை ஓடவிட்டு, பிறகு சிறிது நேரம் ரின்ஸ் நிலையில் வைத்தால், மணலில் எஞ்சிய கலங்கல் குளத்துக்குத் திரும்பாது. அடிக்கடி கழுவுவதாலும் பயனில்லை; லேசாக அழுக்கேறிய மணல்தான் நுண்ணிய தூசியை நன்றாகப் பிடிக்கும்.