108 வருவதற்கு முன்: அவசர முதலுதவி பற்றி வாசகர் கேள்விகள்

விபத்து, பாம்புக்கடி, திடீர் மயக்கம் ஆகியவை குறித்து மதுரை வட்டார வாசகர்கள் அனுப்பிய கடிதங்களில் சிலவற்றுக்கு, அவசர சிகிச்சைப் பிரிவில் பணியாற்றும் மருத்துவர் பதிலளிக்கிறார்.

கேள்வி: மேலூருக்கு அருகே நான்கு வழிச் சாலையை ஒட்டி டீக்கடை வைத்திருக்கிறேன். விபத்து நடந்தால் முதலில் ஓடுவது நாங்கள்தான். ஆனால், தூக்கிவிடப் போனால் போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டியிருக்கும் என்று வீட்டில் தடுக்கிறார்கள். அடிபட்டவருக்கு முதலில் என்ன செய்ய வேண்டும் என்பதையும் சொல்லுங்கள். (மேலூர் வாசகர்)

பதில்: சட்டம் பற்றிய அச்சத்தை முதலில் விட்டுவிடுங்கள். உதவி செய்தவரைத் துன்புறுத்தக் கூடாது என்னும் நெறிமுறைகளுக்கு உச்ச நீதிமன்றம் 2016-ஆம் ஆண்டிலேயே சட்ட வலு அளித்துவிட்டது. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தில் இதற்கென்றே 134ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. நல்லெண்ணத்தோடு உதவியவர் மீது வழக்குத் தொடர முடியாது. அவர் தம் பெயரையோ முகவரியையோ தந்தாக வேண்டிய கட்டாயமும் இல்லை. மருத்துவமனை அவரை நிறுத்திவைக்கவோ பணம் கட்டச் சொல்லவோ கூடாது. சாட்சி சொல்ல அவராக முன்வந்தால் மட்டுமே காவல்துறை அவரை விசாரிக்கலாம். செலவு பற்றிய தயக்கமும் வேண்டாம். 2021 டிசம்பரில் தொடங்கப்பட்ட 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தின்படி, தமிழ்நாட்டின் எல்லைக்குள் விபத்தில் சிக்கியவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும், திட்டத்தில் சேர்க்கப்பட்டுள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரத்துக்கான அவசர சிகிச்சை, உச்சவரம்புக்கு உட்பட்டுக் கட்டணமின்றி அளிக்கப்படுகிறது.

இனி, செய்ய வேண்டியது. வேகமாக வண்டிகள் வரும் சாலையில் உதவப் போனவரே அடிபடுவது உண்டு. ஆகவே, நீங்கள் குனிவதற்கு முன், வண்டிகள் வரும் திசையில் சற்றுத் தள்ளி இருவரை நிறுத்தி, பகலென்றால் துண்டையும் இரவென்றால் டார்ச்சையும் அசைக்கச் சொல்லுங்கள். பலர் அடிபட்டுக் கிடந்தால், அலறுகிறவரிடம் கூட்டம் கூடிவிடும். அலறுகிறவருக்கு மூச்சு இருக்கிறது. சத்தமில்லாமல் கிடப்பவரிடம்தான் முதலில் போக வேண்டும்.

பிறகு, கூட்டத்தின் அன்பிலிருந்து அடிபட்டவரைக் காப்பாற்றுவதே உங்கள் பெரிய வேலையாக இருக்கும். உங்கள் கடையிலிருந்தே ஒருவர் சோடாவை உடைத்துக்கொண்டு ஓடி வருவார். நினைவு தெளியாதவர் வாயில் ஊற்றும் எதுவும் நுரையீரலுக்குள் போய்விடக்கூடும். இன்னொருவர், தோளைப் பிடித்து உட்கார வைக்க முயல்வார். வேறொருவர் காலையும் கையையும் மடக்கி ஆட்டோவுக்குள் திணிக்கப் பார்ப்பார். கழுத்தெலும்பு முறிந்திருந்தால், அந்த ஒரு மடக்கலில் தண்டுவடம் நசுங்கிக் கை கால்கள் வாழ்நாள் முழுவதும் செயலிழந்துபோகலாம். வண்டி தீப்பிடிக்கிறது என்பது போன்ற உடனடி ஆபத்து இல்லாவிட்டால், கிடந்த இடத்திலேயே தலையை இரு கைகளாலும் அசையாமல் பிடித்துக்கொண்டு ஆம்புலன்சுக்குக் காத்திருப்பதே சரி.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. நினைவில்லாதவருக்கு வாந்தியோ இரத்தமோ தொண்டையில் தேங்கி 'கொரகொர' என்று சத்தம் கேட்டால், முதுகெலும்பைவிட மூச்சே முக்கியம். தலை, கழுத்து, முதுகு மூன்றும் ஒரே நேர்கோட்டில் இருக்கும்படி இரண்டு மூன்று பேர் சேர்ந்து அவரை ஒருக்களித்துத் திருப்புங்கள். ஹெல்மெட்டும் அப்படித்தான்: மூச்சு சீராக இருந்தால் கழற்ற வேண்டாம். மூச்சு தடைப்பட்டிருந்தால், ஒருவர் கழுத்தைத் தாங்கிக்கொள்ள, இன்னொருவர் மெல்ல உருவி எடுக்க வேண்டும்.

கேள்வி: அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டில் தொண்டர்களாக நிற்கும் இளைஞர் குழு நாங்கள். மாடு குத்திய காயத்துக்குத் துணியைக் கட்டித் தூக்கிக்கொண்டு ஓடுவதைத் தவிர எங்களுக்கு வேறு தெரியாது. (அலங்காநல்லூர் வாசகர்)

பதில்: கொம்புக் காயத்தின் வாய் சிறியதாகவும் உள்ளே போன வழி ஆழமாகவும் இருக்கும் என்பதை முதலில் மனத்தில் கொள்ளுங்கள். வெளியே இரண்டு அங்குலக் கீறல்தானே என்று எண்ணி, காயம்பட்டவர் நடந்தே மருத்துவக் குழுவிடம் வர நீங்கள் அனுமதிக்கக் கூடாது. வெளிக்காயமே இல்லாமல் மாடு முட்டித் தூக்கி எறிந்தவருக்கும் இது பொருந்தும். முகம் வெளுத்து, உடல் சில்லிட்டு வியர்த்து, நாடி வேகமாக ஓடினால் உள்ளே இரத்தம் கசிகிறது என்று கொள்ள வேண்டும்.

கை கால்களில் இரத்தம் பீறிட்டால், சுத்தமான துண்டை நான்காக மடித்துக் காயத்தின் வாயில் வைத்து, முழங்கையை மடக்காமல் உங்கள் உடல் எடை முழுவதும் அதன்மேல் இறங்கும்படி அழுத்துங்கள். நின்றுவிட்டதா என்று அடிக்கடி துண்டைத் தூக்கிப் பார்ப்பவர்கள், உறையத் தொடங்கிய இரத்தத்தைத் தாங்களே கலைத்துவிடுகிறார்கள். பத்து நிமிடமாவது கையை எடுக்காதீர்கள். துணி நனைந்தால் அதை அகற்றாமல் அதன்மேல் இன்னொன்றை வையுங்கள். தொடையிடுக்கில் குத்துப்பட்டால் மேலே கட்டுப்போட இடமிருக்காது. அங்கே துணியை விரலால் காயத்துக்குள்ளேயே திணித்து, பிறகு அழுத்த வேண்டும்.

அழுத்தியும் நிற்காத கை கால் காயத்துக்கு மட்டும், காயத்துக்கு மேலே நான்கு விரல் தள்ளி, மூட்டின் மீது படாமல், அகலமாக மடித்த துணியைக் கட்டி, முடிச்சில் ஒரு குச்சியைச் செருகி இரத்தம் நிற்கும்வரை முறுக்குங்கள். மெல்லிய கயிறோ கம்பியோ கூடாது. கடுமையாக வலிக்கும், அதற்காகத் தளர்த்திவிடாதீர்கள். கட்டிய நேரத்தை அவர் நெற்றியிலேயே பேனாவால் எழுதுங்கள். அறுவை சிகிச்சை செய்பவர் முதலில் கேட்பது அதைத்தான்.

வயிறு கிழிந்து குடல் வெளியே வந்திருந்தால் அதை உள்ளே தள்ள முயலாதீர்கள். சுத்தமான துணியைக் குடிநீரில் நனைத்து மேலே போர்த்தி, முழங்கால்களை மடக்கிப் படுக்க வையுங்கள். ஒரு வாய்த் தண்ணீர்கூட வேண்டாம். நெஞ்சில் குத்துப்பட்டால், பிளாஸ்டிக் உறை வைத்துக் காற்றுப் புகாமல் இறுக்கி அடைக்கக் கூடாது; உள்ளே சேரும் காற்று வெளியேற வழியின்றி நுரையீரலை நசுக்கிவிடும்.

கேள்வி: சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்காலில் வேலை செய்கிறோம். பாம்பு கடித்தால் கடிவாய்க்கு மேலே கயிறு கட்ட வேண்டும் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். எங்கள் பக்கத்தில் மந்திரித்தே பிழைத்தவர்களும் இருக்கிறார்களே? (சோழவந்தான் வாசகி)

பதில்: அலங்காநல்லூர் இளைஞர்களுக்கு நான் சொன்ன கட்டு இங்கே கூடவே கூடாது. நம் பக்கத்துக் கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றின் நஞ்சு கடித்த இடத்துச் சதையையே அழிக்கக்கூடியது. இறுக்கிக் கட்டினால் நஞ்சோடு சேர்ந்து இரத்த ஓட்டமும் நின்று காலையே இழக்க நேரிடும். யாராவது ஏற்கெனவே கட்டியிருந்தால், வீட்டில் சட்டென்று அவிழ்க்காமல் அப்படியே கொண்டு வாருங்கள். மருந்து ஏற்றும் ஏற்பாட்டோடு நாங்கள் அவிழ்ப்போம். பிளேடால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது, ஐஸ் வைப்பது ஆகியவற்றால் எந்தப் பயனும் இல்லை.

மந்திரித்துப் பிழைத்தவர்களைப் பற்றிக் கேட்டீர்கள். நம் நாட்டுப் பாம்புகளில் பெரும்பாலானவை நஞ்சற்றவை. நச்சுப் பாம்பும் ஒவ்வொரு கடியிலும் நஞ்சை இறக்குவதில்லை. அப்படிப்பட்ட கடிபட்டவர், எதுவும் செய்யாமல் திண்ணையில் படுத்திருந்தாலும் பிழைத்திருப்பார். நஞ்சு ஏறியவரோ மந்திரிப்பவர் வீட்டு வாசலில் காத்திருக்கும் நேரத்தில் தம் உயிரைச் செலவழிக்கிறார்.

கடிபட்ட காலை அசைக்காமல், எலும்பு முறிவுக்குக் கட்டுவது போலத் தென்னை மட்டையையோ சட்டத்தையோ வைத்துத் தளர்வாகக் கட்டுங்கள். கொலுசு, மெட்டி, மோதிரம் ஆகியவற்றை வீக்கம் வருமுன் கழற்றிவிடுங்கள். அவரை நடக்கவோ ஓடவோ விடாதீர்கள். பாம்பை அடித்துக் கொண்டுவரத் தேவையில்லை; நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கும் ஒரே முறிமருந்துதான். செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில் உள்ள இருளர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துத் தரும் நஞ்சிலிருந்தும் அது தயாராகிறது. கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நஞ்சு ஏறியிருக்கிறதா என்பதை அறிய, கடிபட்டவரின் இரத்தத்தைச் சுமார் 2 மி.லி. அளவு புதிய கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்ப்போம்; உறையாமல் ஓடினால் முறிமருந்து தொடங்கும்.

கட்டுவிரியனைப் பற்றித் தனியே எச்சரிக்க வேண்டியிருக்கிறது. இரவில் தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். வலியும் வீக்கமும் பெரும்பாலும் இருக்காது. பல் பட்ட தடம்கூடத் தெரியாமல் போகலாம். விடியற்காலையில் வயிற்றுவலி என்று எழுந்தவரின் கண்ணிமைகள் தாமாக மூடிக்கொண்டு, பேச்சும் குழறினால், இரவு சாப்பிட்டதைக் குறை சொல்லிக்கொண்டிராமல் உடனே கிளம்புங்கள்.

கேள்வி: தல்லாகுளத்தில் எதிர்சேவைக் கூட்டத்தில் என் அருகே நின்றவர் சரிந்து விழுந்தார். தண்ணீர் தெளித்ததும் எழுந்துவிட்டார். எழாமல் போயிருந்தால் என்ன செய்திருக்க வேண்டும்? (ஓய்வுபெற்ற ஆசிரியர், தல்லாகுளம்)

பதில்: நீங்கள் கண்டது சாதாரண மயக்கமாக இருக்கலாம், படுக்க வைத்துக் காலைச் சற்று உயர்த்தினாலே ஓரிரு நிமிடங்களில் தெளிந்துவிடும். சித்திரை வெயிலில் ஒருவர் உடல் கொதித்து, உளறிக்கொண்டே விழுந்தால் அது வெப்பத் தாக்கம். நிழலுக்குக் கொண்டுபோய் உடல் முழுவதும் தண்ணீரை ஊற்றி விசிறிக்கொண்டே ஆம்புலன்சை அழைக்க வேண்டும்.

தோளைத் தட்டியும் அசைவில்லை, மூச்சும் சீராக இல்லை என்றால் இதயம் நின்றுவிட்டது என்றே கொள்ளுங்கள். நாடி பார்த்து நேரத்தைக் கழிக்க வேண்டாம். இதயம் நின்ற முதல் சில நிமிடங்களில் சிலர் கரையில் போட்ட மீனைப் போல வாயைத் திறந்து திறந்து மூடுவார்கள். 'மூச்சு இருக்கிறது' என்று கூட்டம் ஏமாந்துபோவது இங்கேதான். அது மூச்சல்ல.

நெஞ்சின் நடு எலும்பின் கீழ்ப்பாதியில் ஒரு உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, மேலே மறுகையைக் கோத்து, முழங்கைகளை நிமிர்த்தி, 5 முதல் 6 செ.மீ. இறங்கும்படி, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துங்கள். ஒவ்வோர் அழுத்தத்துக்குப் பின்னும் நெஞ்சு முழுமையாக மேலெழ வேண்டும். இரண்டு நிமிடத்தில் உங்கள் கை சோர்ந்துவிடும். அடுத்தவர் தயாராக மண்டியிட்டிருக்கட்டும். விலா எலும்பு 'நெறுக்' என்று முறிவதை உணர்ந்தாலும் நிறுத்த வேண்டாம். விலா எலும்பு கூடிவிடும். பயிற்சி இல்லாதவர் வாயோடு வாய் வைத்து ஊதாவிட்டாலும், அழுத்தத்தை மட்டும் விடாமல் செய்தால் போதும். கண்மாயிலோ கிணற்றிலோ மூழ்கியவருக்கும் குழந்தைகளுக்கும் மட்டும் மூச்சு ஊதுவதும் இன்றியமையாதது. மூழ்கியவர்களை வயிற்றில் அழுத்தியோ தலைகீழாகச் சுழற்றியோ தண்ணீரை வெளியேற்றப் பார்ப்பது வீண் வேலை.

கேள்வி: வலிப்பு வந்தவர் கையில் இரும்புச் சாவியைக் கொடுக்கலாமா? (உசிலம்பட்டி வாசகர்)

பதில்: தேவையில்லை. பெரும்பாலான வலிப்பு ஓரிரு நிமிடங்களில் தானாகவே நிற்கும். சாவியைத் தேடி எடுத்துவருவதற்குள் நின்றுவிடுவதால்தான் வலிப்பை நிறுத்தும் என்ற பெயர் சாவிக்குக் கிடைத்தது. கை கால்களை அமுக்கிப் பிடிக்காமல், பற்களுக்கு இடையே எதையும் செருகாமல், தலைக்கு அடியில் துணியை மடித்து வைத்து, வெட்டு நின்றதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலோ, நினைவு திரும்பாமல் மீண்டும் வந்தாலோ 108-ஐ அழையுங்கள்.

கேள்வி: குழந்தை மண்ணெண்ணெய் குடித்துவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கலாமா? (திருமங்கலம் வாசகி)

பதில்: கூடாது. மண்ணெண்ணெய் வயிற்றில் செய்வதைவிட, வாந்தியின்போது நுரையீரலுக்குள் போய்ச் செய்யும் கேடு பெரியது. பூச்சிமருந்துக்கும் இதே விதிதான். பாட்டிலைக் கையோடு கொண்டு வாருங்கள். எந்த மருந்து என்று அதைப் பார்த்துத்தான் நாங்கள் சிகிச்சையை முடிவு செய்கிறோம்.

கேள்வி: 108-க்கு அழைத்தால் ஏன் இத்தனை கேள்வி கேட்கிறார்கள்? (வாடிப்பட்டி வாசகர்)

பதில்: நீங்கள் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே வண்டியை அனுப்பும் ஏற்பாடு நடக்கிறது, கேள்விகளால் தாமதம் ஏற்படுவதில்லை. கைபேசியை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, ஊர்ப் பெயரோடு கோயில், பள்ளி, கண்மாய்க்கரை என்று ஓர் அடையாளத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். வாடிப்பட்டி போன்ற இடங்களில் ஒரே பெயரில் பல தெருக்கள் இருப்பதால், பிரதான சாலையிலிருந்து ஊருக்குள் திரும்பும் இடத்தில் ஒருவரை நிறுத்துங்கள். வண்டி கண்ணில் படும்வரை, அழைத்த கைபேசியிலிருந்து உறவினர்களுக்குத் தகவல் சொல்லத் தொடங்காதீர்கள். ஓட்டுநர் வழி கேட்டு அந்த எண்ணுக்குத்தான் அழைப்பார்.