அனுமதி தர வேண்டியது எந்த அலுவலகம்?

கேள்வி: என் மனையின் அஞ்சல் முகவரியில் நகரத்தின் பெயர் இருக்கிறது. ஆனால் அது தங்கள் எல்லைக்குள் வராது என்கிறார்கள் நகராட்சி அலுவலகத்தில். கட்டட அனுமதிக்கு நான் யாரிடம் விண்ணப்பிப்பது?

பதில்: அஞ்சல் முகவரியை நம்பி அலையாதீர்கள், அது கடிதம் எந்த நிலையத்தின் வழியாக வந்து சேர்கிறது என்பதைக் காட்டுமே தவிர, மனை எந்த உள்ளாட்சிக்கு உட்பட்டது என்பதைக் காட்டாது. கிரயப் பத்திரத்தில் உள்ள நில அளவை எண், உள்ளாட்சி எல்லை வரைபடத்தில் எங்கே விழுகிறது என்று பாருங்கள். எல்லைக்கோடு சாலையின் நடுவிலேயே ஓடுவதும் உண்டு என்பதால், எதிர்வீட்டுக்காரர் அனுமதி பெற்ற அலுவலகமே உங்களுக்கும் உரியது என்று கொள்ள முடியாது. சொத்து வரி ரசீது நல்ல துப்புதான். ஆனால் இடையில் எல்லை மாற்றியமைக்கப்பட்டிருந்தால், பழைய ரசீது உங்களைத் தவறான வாசலில் கொண்டுபோய் நிறுத்திவிடும். தவிர, வரி வாங்கும் அமைப்பே எல்லா இடங்களிலும் கட்டட அனுமதியும் தருவதில்லை. சில பகுதிகளில் அந்த அதிகாரம், நகர வளர்ச்சியைத் திட்டமிடும் அரசு அமைப்பான தனித் திட்டக் குழுமத்திடம் இருக்கும். ஆகவே நில அளவை எண்ணையும் வரைபட நகலையும் இணைத்து, இந்த மனைக்கு அனுமதி வழங்கும் அதிகாரம் தங்களுக்கு உண்டா, இல்லையெனில் யாருக்கு உண்டு என்று வரைபடம் காட்டும் உள்ளாட்சி அலுவலகத்தில் எழுத்து மூலம் கேளுங்கள். பதிலையும் எழுத்திலேயே பெறுங்கள். அது கைக்கு வரும்வரை, தயவுசெய்து அஸ்திவாரம் தோண்ட ஆள் விடாதீர்கள்.