அண்ணனுக்குச் சார்காய்டோசிஸ், தங்கைக்கும் வருமா?

கேள்வி: எனக்கு 27 வயது. அண்ணனுக்கு வறட்டு இருமலும் மூச்சிரைப்பும் வந்தன. டிபி என்று சொல்லி ஆறு மாதம் மாத்திரை கொடுத்தார்கள், குணமாகவில்லை. பிறகு நெஞ்சுக்குள் இருந்த நெறிகட்டியில் சதை எடுத்துச் சோதித்து, சார்காய்டோசிஸ் என்றார்கள். இப்போது ஸ்டீராய்டு சாப்பிட்டுத் தேறிவருகிறார். என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள், "குடும்ப வியாதியாமே?" என்று தரகரிடம் கேட்டிருக்கிறார்கள். எனக்கும் வருமா? மரபணுச் சோதனை செய்துகொள்ளட்டுமா? ஆண்டுதோறும் சிடி ஸ்கேன் எடுத்துப் பார்ப்பது நல்லதா?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திண்டுக்கல்)

பதில்: மரபணுச் சோதனைக்கு ஒதுக்கிய பணத்தைக் கல்யாணச் செலவுக்கே வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கேனும் வேண்டாம். உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லாதவருக்கு ஆண்டுதோறும் கதிர்வீச்சு எதற்கு?

பெண் பார்க்க வந்தவர்கள் சொன்னதில் கால்வாசி உண்மை இருக்கிறது. அதை மறைக்க மாட்டேன். நம் எதிர்ப்பு சக்தி எதையோ எதிரியாக நினைத்து, நுரையீரலிலும் நெறிகளிலும் சிறுசிறு அழற்சிக் கட்டிகளை உண்டாக்குவதுதான் சார்காய்டோசிஸ். எதை எதிரியாக நினைக்க வேண்டும் என்று தீர்மானிப்பதில் ஆறாவது குரோமோசோமில் உள்ள எச்எல்ஏ மரபணுக்களுக்குப் பெரிய பங்கு உண்டு. 2005இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் அதே வட்டாரத்தில் பிடிஎன்எல்2 என்ற மரபணுவில் உள்ள ஒரு மாற்றத்தையும் இந்த நோயோடு தொடர்புபடுத்தினார்கள். ஆனால் அந்த மாற்றம் நோயே வராத ஏராளமானவர்களிடமும் இருக்கிறது. அதனால்தான் சோதனை வேண்டாம் என்கிறேன். 'இருக்கிறது' என்று முடிவு வந்தால் உங்கள் தூக்கம் கெடும், அவ்வளவுதான்.

இதில் தாய் தந்தையிடமிருந்து வருவது நோய் அல்ல, நோய்க்கு இடம்கொடுக்கும் தன்மை மட்டுமே. டென்மார்க், பின்லாந்து இரட்டையர்களை வைத்து 2008இல் வந்த ஆய்வில், ஒரே கருவில் பிரிந்த இரட்டையரில் ஒருவருக்கு நோய் இருந்தால் மற்றவருக்கு வரும் வாய்ப்பு மற்ற மக்களைவிட 80 மடங்கு. கேட்டால் பகீர் என்கிறது. அப்படியும் பெரும்பாலான ஜோடிகளில் ஒருவருக்கு மட்டுமே நோய் வந்தது. மரபணு முழுக்க ஒன்றாயிருந்தும் மற்றவர் தப்பிவிட்டார். வெளியிலிருந்து தூண்டுதல் ஒன்றும் வேண்டும். 2001இல் நியூயார்க் இரட்டைக் கோபுரங்கள் சரிந்தபோது அந்தத் தூசியை வாரிச் சுவாசித்த தீயணைப்பு வீரர்களிடையே, அடுத்த ஓராண்டிலேயே இதே வகை அழற்சி நோய் வழக்கத்தைவிட அதிகமாகத் தென்பட்டது. எல்லா வீரர்களுக்கும் வரவில்லை என்பதையும் கவனியுங்கள்.

உங்களைப் போல உடன்பிறந்தவருக்கோ பெற்றோருக்கோ நோய் உள்ளவர்களுக்கு, ஸ்வீடன் நாட்டுக் கணக்குப்படி வாய்ப்பு ஏறக்குறைய நான்கு மடங்கு. அங்கே ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் 11 பேர் அளவுக்குத்தான் புதிதாக நோய் வருகிறது. நான்கால் பெருக்கிப் பாருங்கள், ஐம்பதைத் தொடவில்லை. தரகர் மறுபடி வந்தால் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். தொற்றாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், ஏனென்றால் டிபி என்ற பேச்சு ஊருக்குள் ஏற்கனவே போயிருக்கும். மறைத்துக் கல்யாணம் செய்ய இதில் எதுவும் இல்லை.

முதலில் டிபி என்று சொன்ன மருத்துவர் மீது கோபப்படாதீர்கள். நம் ஊரில் எக்ஸ்ரேயில் நெறி வீங்கியிருந்தால் டிபியைச் சந்தேகிப்பதுதான் முறை. இரண்டையும் பிரித்தறிவது அனுபவசாலிகளுக்கே சிரமம்.

நீங்கள் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். சில வாரங்களாக விடாத வறட்டு இருமல், கண் சிவந்து வலித்துப் பார்வை மங்குதல், கெண்டைக்கால் முன்பக்கம் வலியுள்ள சிவந்த முடிச்சுகள் ஆகியவற்றில் ஏதாவது வந்தால் மருத்துவரிடம் போங்கள். அண்ணன் கதையை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். கண் தொந்தரவை மட்டும் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள்.

அண்ணனுக்கும் ஒரு சேதி. ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கு எலும்புக்காகக் கால்சியமும் வைட்டமின் டியும் சேர்த்துக் கொடுப்பது வழக்கம். இந்த நோயிலோ அழற்சிக் கட்டிகளே வைட்டமின் டியை வீரியமாக்கி ரத்தத்தில் கால்சியத்தை ஏற்றிவிடக்கூடும். சிறுநீரகக் கல்லும் வரலாம். அந்த மாத்திரைகளைச் சாப்பிடுகிறாரா, ரத்தத்தில் கால்சியம் எவ்வளவு என்று பார்த்தார்களா என்று இன்றைக்கே கேளுங்கள். பார்க்கவில்லை என்றால் அடுத்த முறை போகும்போது அவருடைய மருத்துவரிடம் அதைக் கேட்கச் சொல்லுங்கள். ஸ்டீராய்டை மட்டும் அவராகவே நிறுத்திவிட வேண்டாம்.